எட்டு மணி நேர மழை

எட்டு மணி நேர மழையைக்
காதில் மாட்டிக்கொண்டு உட்காருகிறேன்.
எந்த ஊரில் பெய்ததோ.
அதில் ஒரு தகரக் கூரை இருக்கிறது,
தள்ளி எங்கோ தவளைகள்.
இடி கிடையாது.
இடியில்லாததாகத் தேடித்தான் எடுத்தேன்.

காகிதப்பட்டறையில் மே மாதம்.
பகலெல்லாம் வெயில் குடித்த பாறை மலை
ராத்திரி பதினோரு மணிக்கும்
என் சுவர்மேல் மூச்சு விடுகிறது.
பாலாற்றில் லாரித் தடம்.

அமெரிக்காவில் யாருக்கோ முட்டி வீங்கியிருக்கிறது.
அதற்கு ஓர் எண் தர வேண்டும் நான்.
இன்னொருவர் ஏணியிலிருந்து விழுந்தார்,
விழுந்ததற்கு ஓர் எண், ஏணிக்கு ஓர் எண்.
ராத்திரிக்கு எழுபது பேர்.
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாக வரவேண்டும்,
வராவிட்டால் கிருபாகரன் சாரின் மெயில்
விடியுமுன் வந்துவிடும்.

பாட்டு வைத்துப் பார்த்தேன்,
வரிகள் நோயாளியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன.
கடல் தூங்க வைத்தது.
ஒன்றுமே இல்லாமலும் இருந்து பார்த்தேன்.
ஒன்றுமே இல்லாததற்குள்தான்
எல்லோரும் இருக்கிறார்கள்:
சீட்டுப் பணம் கேட்டு நிற்கும் வனரோஜா,
தம்பியின் மூன்றாம் செமஸ்டர்,
பழைய பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கேட்டு
நான் பதில் சொல்லாமல் பஸ் ஏறிய
அந்த ஒரு கேள்வி.
மழை பிடித்தால்
இவர்களெல்லாம் ஏதாவதொரு கடை வாசலில்
ஒதுங்கிக்கொள்கிறார்கள்.
எனக்குத் தெரு காலியாகிவிடும்.

மூன்று மணி பன்னிரண்டாம் நிமிடத்தில்
மழையைப் பதிவு செய்தவர் இருமுகிறார்.
ஒரே ஒரு தரம், வாயைப் பொத்திக்கொண்டு.
இருமலுக்கு எண் ஆர் சைபர் ஐந்து.
அவருக்கு அதைத் தந்துவிட்டு
டீ போட எழுவேன்.

ஹெட்போன் உடைந்த ராத்திரி
வெறுமனே லேப்டாப்பில் ஓடவிட்டேன்.
படியில் திமுதிமுவென்று ஓட்டம்.
கீழ்வீட்டு நஸ்ரத் அக்கா
மொட்டை மாடிக்குப் போய்
கொடித் துணி மொத்தத்தையும் வாரிக்கொண்டு
என் கதவில் வந்து நின்றாள்.
அவளுக்குப் பின்னால்
வானத்தில் ஒரு மேகமில்லை.
"இன்னா கண்ணு,
உன் ரூமுக்கு மட்டும் பேயுதா?"

விளக்கிச் சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
துணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு
ஆம்பூர் கம்பெனியின் ஷூ மேல்தோலும்
ஊசியும் மெழுகு நூலுமாய்த் திரும்பி வந்தாள்.
"காலைல வண்டி வரும். இருபது ஜோடி.
இன்னும் கொஞ்சம் சத்தமா வையி."

அவள் தோலில் ஊசி ஏற்ற,
நான் எலும்பில் எண் ஏற்ற,
ஊருக்கெல்லாம் புழுக்கம்
எங்கள் இரண்டு பேர் தலைக்கு மேல்
யாரோ ஒருவரின் தகரம்.

நாற்பத்து மூன்றாவது ஆளின் இடது தோளில்
நான் இருந்தபோது
ஓர் இருமல்.
இருவரும் தலை தூக்கினோம்.
மூன்று பன்னிரண்டு எப்போதோ போய்விட்டது.
மறுபடியும் இருமல், கரகரவென்று,
இரும்புத் தொண்டை,
கீழே, வாசல் குழாயில்.

ஒன்பது நாள் கழித்துத் தண்ணீர்!

தோளும் தோலும் கிடந்த இடத்தில் கிடக்க
குடத்தோடு குடம் மோத இறங்கினோம்.
தெரு முழுக்க நைட்டிகளும் லுங்கிகளும்.
உட்கார வைக்கிற தண்ணீர் மேலே,
எழுப்பி ஓட வைக்கிற தண்ணீர் கீழே.
பதினோரு குடம், இரண்டு பக்கெட்,
ஒரு குக்கர் நிறைய.

படியெல்லாம் சிந்தி மேலே வந்தால்
ஆளில்லாத அறையில்
மழை பாட்டுக்குப் பெய்துகொண்டிருக்கிறது,
நனையாத திரையில் நாற்பத்து மூன்றாம் ஆள்
தோளைப் பிடித்தபடி.

"நிறுத்திடவா அக்கா?"

ஈரக்கையை முந்தானையில் துடைத்து
ஊசியைத் தேடினாள்.
"இருக்கட்டும்.
இன்னும் ஏழு ஜோடி கீது."